பால்காரர் பாலா, பண்ணைப் புட்டியா, பாக்கெட்டா, டெட்ரா பேக்கா? பெங்களூர் வீடுகளுக்கு ஒரு நோய்க்கணக்கு

பெங்களூருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் வீடும் பள்ளியும் பார்த்து முடித்த கையோடு கேட்பது பாலைப் பற்றித்தான். "பக்கத்துத் தெருவிலேயே மாடு வைத்திருக்கிறார்கள், கறந்து கொண்டுவந்து தருகிறார்களாம். அதை வாங்கலாமா, கர்நாடகக் கூட்டுறவுப் பாலான நந்தினி பாக்கெட்டே போதுமா?" அல்சூர், ஸ்ரீராமபுரம் சந்துகளிலும் கே.ஆர்.புரம், எலஹங்கா பக்கத்து லேஅவுட்களிலும் இன்னும் கொட்டகைகள் இருப்பதால் இது வெறும் ஏக்கக் கேள்வி இல்லை. காலை ஆறு மணிக்கு பைக்கில் கேனோடு பால்காரர் வந்து நிற்கிறார். இப்போது ஆப்பில் வரும் பண்ணைப் புட்டியும் போட்டியில் சேர்ந்துவிட்டது.

பெரும்பாலோர் கெட்டி, மணம், விலை ஆகிய மூன்றை வைத்து முடிவெடுக்கிறார்கள். மாட்டிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பால் வழியாக வரும் நோய்களில் முதலில் சொல்ல வேண்டியது புருசெல்லோசிஸ். நம் ஊர்க் கால்நடைத் துறையினர் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள். சினையின் பிற்பகுதியில் மாடு கன்றை வீசிவிடும். அப்புறம் தேறிவிடும், நன்றாகத் தின்னும், பாலும் கறக்கும். ஆனால் அந்தப் பாலில் புருசெல்லா என்ற அந்தக் கிருமி மாதக்கணக்கில், சில மாடுகளில் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பாலின் நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. "மாட்டை நேரில் பார்த்துத்தான் வாங்குகிறோம்" என்ற சமாதானம் இங்கே உதவாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது மாட்டுக் காசநோய். நம் நாட்டில் காசநோய் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்று வழியாகத்தான் பரவுகிறது. பச்சைப் பால் வழியாக வருவது சிறு பங்கு. ஆனால் அப்படி வருவது நுரையீரலை விட்டுவிட்டுக் கழுத்து நெறிக்கட்டிலோ குடலிலோ உட்காரலாம். காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. இவற்றோடு ஆடுமாடுகளிடமிருந்து வரும் க்யூ காய்ச்சல், சால்மோனெல்லா, லிஸ்டீரியா கிருமிகள் என்று பட்டியல் நீளும்.

ஆக, நான் பார்ப்பவை இவை: பால் உங்கள் வாசலுக்கு வரும்போது அதன் கிருமி ஏற்கெனவே செத்திருக்கிறதா? அதற்குப் பிறகு டம்ளர் வரை குளிர்ச்சி கெடாமல் வருகிறதா? பாதுகாப்பில் எவ்வளவு பங்கை உங்கள் அடுப்பின் தலையில் கட்டுகிறது? வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது உண்டா? கடைசியாக, விலைச்சீட்டில் தெரியாத செலவு என்ன?

பலர் குழப்பிக்கொள்ளும் சில விஷயங்களைத் தள்ளி வைத்துவிடுகிறேன். 2022இல் நாடு முழுக்க மாடுகளை வாட்டிய தோல் கழலை நோய் மனிதருக்கு வராது. கோமாரி மனிதரைத் தாக்குவது மிக மிக அரிது. இரண்டுமே மாட்டுக்காரருக்குப் பேரிழப்பு, ஆனால் பால் வாங்குபவர் பயப்பட வேண்டியவை அல்ல. நாட்டு மாடா கலப்பின மாடா, ஏ1 பாலா ஏ2 பாலா என்பதும் இந்தக் கணக்கில் வராது. அது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகை பற்றிய பேச்சு. கன்று வீச்சு நோய் எந்த இன மாட்டுக்கும் வரும்.

## பால்காரர் கொண்டுவரும் கறந்த பால்

இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்தால் விரல் தடிமனுக்கு ஏடு கட்டும். ஒரு வாரம் சேர்த்தால் வீட்டிலேயே வெண்ணெய், நெய். தினமும் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் கிடையாது. காசு நேராக மாடு வளர்ப்பவர் கைக்குப் போகிறது. தெரிந்த ஒரு மனிதரிடம் வாங்கும் நிம்மதியும் இருக்கிறது.

நோய்க்கணக்கில் மட்டும் இது முழுக்க முழுக்க உங்கள் அடுப்பை நம்பியிருக்கிற பால். கறந்த சூடு என்று நாம் சொல்வது மாட்டின் உடல் சூடு, ஏறக்குறைய 38.5 டிகிரி. கிருமி செழிப்பாக வளர்கிற சூடு அது. கேனில் ஒரு மணி நேரம், உங்கள் வீட்டு மேடையில் இன்னொரு மணி நேரம் என்று போனால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே இருக்கும். இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மடிநோய் கண்ட மாட்டின் பாலில் வரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி, பால் வெளியில் கிடக்கும் நேரத்தில் ஒரு நச்சைச் சுரந்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்த பிறகு "காய்ச்சித்தானே குடித்தோம்" என்று திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் அந்தத் தாமதத்தில் இருக்கிறது.

ஒழுங்காகக் காய்ச்சினால் மற்ற கிருமி பயம் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. புருசெல்லாவையும் காசநோய்க் கிருமியையும் கொல்ல 72 டிகிரியில் 15 விநாடி போதும். பால் பொங்கி எழும் நேரத்தில் அதன் சூடு அதைவிட நன்றாகவே மேலே போயிருக்கும். பொங்கியதும் தீயைக் குறைத்து, கிளறிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் வைத்து இறக்கினால் சரி. நம் வீடுகளில் இருக்கும் பால் குக்கரும் இதற்கு நல்லதுதான். விசில் வந்த பிறகு சில நிமிடம் விடுங்கள். மைக்ரோவேவில் ஒரு பக்கம் கொதித்தும் இன்னொரு பக்கம் வெதுவெதுப்பாகவும் நிற்கும் என்பதால் பச்சைப் பாலுக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? பச்சைப் பால் வாங்கும் வீட்டில் அது காய்ச்சப்படாமலேயே வாய்க்குப் போகும் சந்துகள் நிறைய. அபிஷேகத்துக்கென்று எடுத்து வைத்த பால் பிறகு தீர்த்தமாக எல்லோர் கையிலும் ஊற்றப்படும். "கறந்த சூட்டோடு குடித்தால் பலம்" என்று பேரனுக்கு அரை டம்ளர் போகும். கேனிலிருந்து பாலை ஊற்றிய அதே கரண்டி காய்ச்சிய பாலிலும் முங்கும். அவசரக் காலையில் காபிக்கு வெதுவெதுப்பாக்கிக் கலந்துவிடுவதும் நடக்கும். முந்நூற்றைம்பது நாள் ஒழுங்காகக் காய்ச்சிவிட்டு, விருந்தாளி வந்த ஒரு நாள் தவறவிட்டாலும் கிருமிக்கு அது போதும்.

சீம்பாலை இங்கே மறக்கக் கூடாது. மாடு ஈன்றால் பால்காரர் பிரியமாகக் கொண்டுவந்து கொடுப்பார், கன்னட வீடுகளில் கிண்ணு என்று கொண்டாடுவார்கள். கன்று வீச்சு நோய் உள்ள மாட்டிடமிருந்து கிருமி மிக அதிகமாக வெளியேறுவது ஈன்ற நாட்களில்தான். வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் திரட்டுப்பால் போலக் கட்டியாக்கிச் சாப்பிடும் நம் வழக்கம் பாதுகாப்பானது, நடுப்பகுதி வரை வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உடம்புக்கு நல்லது என்று பச்சையாகக் குடிப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தயிர், பனீர் பற்றியும் கேட்கிறார்கள். புளிப்பு கிருமியை மெதுவாகத்தான் கொல்லும், நம்பும்படி கொல்லாது. காய்ச்சிய பாலில் உறை ஊற்றுவதே நம் பழக்கம் என்பதால் வீட்டுத் தயிரில் கவலை இல்லை. பச்சைப் பாலில் செய்த மென்மையான சீஸ் என்று பெருமையாக விற்கப்படுவதைத்தான் யோசித்து வாங்க வேண்டும்.

பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்கிறார், பால் வந்த அரை மணிக்குள் அடுப்பில் ஏறிவிடும், ஒரே மாட்டுக்காரரிடம் வாங்குகிறீர்கள், அவர் கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார் என்றால் பால்காரர் பால் நல்ல தேர்வு. அந்தத் தடுப்பூசியைப் பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதம் வரையான கிடாரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா ஊசி அரசே போடுகிறது. வாழ்நாளில் ஒரு தடவைதான். கறவை மாடுகளுக்கு ஒரு எளிய சோதனையும் உண்டு. சோதனைக் குழாயில் பாலோடு சாயமேற்றிய கிருமித் துகளைச் சேர்த்து வைப்பார்கள். நோய் இருந்தால் மேலே திரளும் ஏட்டில் நீல வளையம் தெரியும். கிருமி இருக்கிறதா என்ற கேள்விக்கு மாட்டின் கண்ணைவிட அந்த வளையம் நம்பகமான பதில் சொல்லும்.

## ஆப்பில் வரும் பண்ணைப் புட்டி

நான்கில் அதிகம் குழப்புவது இதுதான். ஒரே மாதிரிக் கண்ணாடிப் புட்டியில், ஒரே மாதிரிப் பசுமையான படத்தோடு, இரண்டு வேறு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. ஒன்று பாஸ்டரைஸ் செய்த பால், அதாவது அளவான சூட்டில் நோய்க்கிருமியைக் கொன்ற பால். மற்றொன்று கறந்ததும் குளிரவைத்த பச்சைப் பால். குளிர் கிருமியைக் கொல்லாது, பெருகாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவே. லிஸ்டீரியா அதற்கும் அடங்காமல் ஃப்ரிட்ஜிலேயே வளரும். கர்ப்பிணிக்கு அது வந்தால் தாயை லேசான காய்ச்சலோடு விட்டுவிட்டுக் கருவைத் தாக்கும்.

ஆகவே புட்டியைத் திருப்பி லேபிளில் 'பாஸ்டரைஸ்டு' என்ற சொல்லைத் தேடுங்கள். 'கை படாதது', 'ஹார்மோன் இல்லாதது', 'ஆன்டிபயாடிக் சோதித்தது' எல்லாம் நல்ல விஷயங்களே. ஆனால் எதுவும் பாஸ்டரைஸ் செய்ததாக அர்த்தம் இல்லை. ஆன்டிபயாடிக் சோதனைக்குத் தனி மதிப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருந்து எச்சம் கொதித்தாலும் முழுக்கப் போகாது, பால்காரர் பாலில் அதைச் சோதிக்க நமக்கு வழியும் இல்லை.

பாக்கெட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலைக்கு விற்கும் புட்டிகள் உண்டு. புட்டிக்கு முன்பணம், வாலட்டில் முடங்கும் தொகை, ஊருக்குப் போகும்போது நிறுத்த மறந்தால் வாசலில் வெயிலில் காத்திருக்கும் பால் என்று மறைந்த செலவுகள் வேறு. லேபிளில் பாஸ்டரைஸ்டு என்று இருந்து, காசும் பொருட்டில்லை, பாலின் ருசியும் வேண்டும் என்றால் வாங்கலாம். பச்சைப் பால் என்று இருந்தால் மேலே பால்காரர் பாலுக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும். என்னைக் கேட்டால், அடுப்பு வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டு இரட்டை விலை வாங்குவது நியாயமே இல்லை.

## பாக்கெட் பால்

பாஸ்டரைசேஷனில் பாலை 63 டிகிரியில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்து உடனே குளிரவைக்கிறார்கள். முன்பு இதைவிடச் சற்றுக் குறைந்த சூடே போதும் என்றிருந்தார்கள். க்யூ காய்ச்சல் கிருமி அதையும் தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் 1950களில் அமெரிக்காவில் அளவை உயர்த்தினார்கள். வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கவும் அழகான ஒரு வழி இருக்கிறது. பாலில் இயற்கையாகவே பாஸ்படேஸ் என்ற நொதி உண்டு. காசநோய்க் கிருமி சாகும் சூட்டைவிடச் சற்று அதிகம் பட்டால்தான் அது அழியும். காய்ச்சிய பாலில் அந்த நொதி தென்படவில்லை என்றால் கிருமியும் போயிருக்கும்.

சத்து போய்விடும் என்ற பேச்சைப் பற்றி: சி, பி1 போன்ற சில வைட்டமின்கள் கொஞ்சம் குறைகின்றன, சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைவதில்லை. பச்சைப் பால் வாங்கி வீட்டில் கொதிக்க வைப்பவர் அதே வைட்டமின்களை இன்னும் கூடுதலாகவே இழக்கிறார்.

பலவீனம் குளிர்ச்சியில். பால் பூத் வாசலில் விடிகாலையில் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எட்டு மணி வரை அப்படியே கிடக்கும் பாக்கெட்டை வாங்கினால், பாஸ்டரைசேஷனில் தப்பிய சாதாரணக் கிருமிகள் அதற்குள் விழித்துக்கொண்டிருக்கும். மாட்டு நோய் வராது, பால் திரியும் அல்லது வயிற்றைக் கலக்கும். சீக்கிரம் வாங்குங்கள், தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், உப்பியதும் கசிவதும் வேண்டாம். குளிர்ச்சி கெடாத பாஸ்டரைஸ்டு பாலைக் காய்ச்சியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் நம் ஊர் வெயிலையும் வண்டிகளையும் பார்த்தால் ஒரு கொதி விடும் பழக்கத்தைக் கைவிட நான் சொல்ல மாட்டேன். இங்கே கொதிக்க வைப்பது இரண்டாவது பூட்டு. பச்சைப் பாலில் இருப்பதே அந்த ஒரு பூட்டுதான்.

இருவரும் வேலைக்குப் போகும் வீடு, சமையலுக்கு ஆள் வந்து போகும் வீடு, குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த வீடு, அதாவது பெங்களூரில் பெரும்பாலான வீடுகளுக்கு என் விடை பாக்கெட் பால்தான்.

## டெட்ரா பேக்

135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் அடைப்பது. திறக்கும் வரை ஃப்ரிட்ஜ் வேண்டாம். திறந்த பிறகு அதுவும் சாதாரணப் பால்தான், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். விலை அதிகம், காய்ச்சிய வாடை லேசாக இருக்கும், தயிர் கொஞ்சம் தளர்வாக உறையும். பிஜியில் தங்கியிருப்பவர்கள், மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர் உள்ள வீடு, மின்சாரம் அடிக்கடி போகும் வீடு ஆகியோருக்கு இதைவிட நிம்மதியானது இல்லை.

## ஒரே பார்வையில்

| | பால்காரர் பால் | புட்டி, பச்சை | புட்டி, பாஸ்டரைஸ்டு | பாக்கெட் | டெட்ரா பேக் |
|---|---|---|---|---|---|
| வரும்போது கிருமி | உயிரோடு இருக்கலாம் | உயிரோடு இருக்கலாம் | நோய்க்கிருமி இல்லை | நோய்க்கிருமி இல்லை | எதுவும் இல்லை |
| குளிர்ச்சி | பெரும்பாலும் இல்லை | உண்டு | உண்டு | கடையைப் பொறுத்தது | திறக்கும் வரை தேவையில்லை |
| அடுப்பின் பொறுப்பு | முழுவதும் | முழுவதும் | கொஞ்சம் | கொஞ்சம் | இல்லை |
| மறைந்த செலவு | எரிவாயு, ஆள், கவனம் | இரட்டை விலை, கவனம் | விலை, முன்பணம் | பிளாஸ்டிக், விடிகாலை ஓட்டம் | விலை |
| கர்ப்பிணி உள்ள வீடு | தவிர்க்கலாம் | வேண்டாம் | சரி | சரி | மிகச் சரி |

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இவற்றில் எதுவுமே முதன்மை உணவு இல்லை. அங்கே தாய்ப்பாலுக்குத்தான் இடம்.

## டெங்கு காலத்து ஆட்டுப்பால்

மழைக்காலம் வந்தால் இந்த ஐந்தாவது தேர்வு எங்கிருந்தோ முளைக்கிறது. பிளேட்லெட் ஏறும் என்று ஆட்டுப்பாலைத் தேடி அலைகிறார்கள், அதையும் காய்ச்சக் கூடாது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். ஆட்டுப்பால் பிளேட்லெட்டை ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டெங்குவில் காய்ச்சல் தணிந்து உடம்பு தேறும்போது அது தானாகவே ஏறும், நன்றி ஆட்டுக்குப் போகிறது.

இதில் ஆபத்து பெரிது. புருசெல்லா வகைகளில் மனிதரை மிகக் கடுமையாகத் தாக்குவது ஆடுகளிடம் இருக்கும் மெலிடென்சிஸ். இந்த நோய் மனிதருக்குப் புரிந்ததே ஆட்டுப்பாலால்தான். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை தெரியவில்லை. மால்டா மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் சாமிட் ஆடுகளைச் சோதித்தபோது, நோயே தெரியாத நல்ல ஆடுகளிடம் அது இருந்தது. அடுத்த ஆண்டு சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் அவர்களிடையே நோய் சட்டென்று விழுந்தது. காய்ச்சலில் துவண்டு கிடப்பவருக்குப் பச்சை ஆட்டுப்பாலைக் கொடுப்பது ஒரு நோய்க்கு மேல் இன்னொன்றை வரவழைப்பதாகும். குடித்தே ஆக வேண்டும் என்றால் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள்.

## ஏற்கெனவே பச்சைப் பால் குடித்தவர்கள்

பதற வேண்டாம், குடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில், சிலருக்கு மாதங்கள் கழித்துத் தொடங்கும். மாலையில் ஏறி விடியலில் இறங்கும் காய்ச்சல், உடை நனையும் வியர்வை, இடுப்பிலும் மூட்டிலும் விடாத வலி, அசதி, எடை குறைதல். ஆண்களுக்கு விரை வீக்கமும் வரலாம். டைபாய்டு என்று மருந்து கொடுத்து, சற்றே குறைந்து, மறுபடி தலைதூக்கும். இடுப்பு வலிக்குக் காசநோயோ என்று தேடுவார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "இரண்டு மாதத்துக்குள் காய்ச்சாத பால் குடித்திருக்கிறேன், மாட்டுக் கொட்டகைக்குப் போயிருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் புருசெல்லாவுக்கான ரத்தப் பரிசோதனை அவர் நினைவுக்கு வரும். மருந்து இருக்கிறது. வழக்கமாக டாக்ஸிசைக்ளினோடு இன்னொரு மருந்து சேர்த்து ஆறு வாரம். இரண்டாவது வாரமே உடம்பு சரியானதுபோல் தோன்றும், அங்கே நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் திரும்புகிறது.

நோய் உறுதியானால் பால்காரரிடம் போய்ச் சொல்லுங்கள், சண்டைக்காக இல்லை. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போட்டவர் அவர். அதே கொட்டகையில் சாணி அள்ளுகிறவர் அவர் மனைவி. பாலை வாங்கிக் குடிக்கும் நம்மைவிட இந்த நோய் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். இடுப்பு வலியை வேலை அலுப்பு என்று அவர்கள் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அரசுக் கால்நடை மருத்துவமனையில் மாடுகளுக்கும், அரசு மருத்துவமனையில் குடும்பத்துக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஈற்றுக்கு ஒரு ஜோடி நீளமான ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.